வறுக்காத மண்

பூமயில் அக்காள் கொடுத்த மண்ணிலிருந்து எந்த மருந்தும் வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் ஏதாவது நல்லது நடக்கும் என்று காத்திருந்து படிக்கிறவர்களை ஏமாற்ற எனக்கு இஷ்டமில்லை. நானே அப்படிக் காத்திருந்து ஏமாந்தவன்.

எனக்கு அப்போது கம்பவுண்டர் வேலை. சாயல்குடிக்குக் கிழக்கே, கடலைப் பார்த்தாற்போல ஒரு சின்ன தர்ம ஆசுபத்திரி. டாக்டர் சதக்கத்துல்லா, நான், பெருக்கித் துடைக்க ஒரு அம்மாள், அவ்வளவுதான். பின்பக்கம் பனையோலை வேய்ந்த நீளக் கொட்டகை ஒன்று நெஞ்சுநோய்க்காரர்களுக்காக இருந்தது. கடல்காற்று அந்த நோய்க்கு நல்லது என்று யாரோ பெரியவர்கள் சொல்லி அங்கே கட்டியிருந்தார்கள். காற்று நல்ல காற்றுதான், ராத்திரி சுகமாகத் தூங்கலாம். அது ஒரு ஆளையாவது பிழைக்க வைத்து நான் பார்த்ததில்லை.

பூமயில் எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்க்காரி. முறைக்கு எனக்கு அக்காள் வேண்டும். அவள் புருஷன் சோணைமுத்து எனக்கு மச்சான். மிளகாய்க் காட்டில் இரண்டு பேருக்கும் கூலி வேலை. மழை தயவு வைத்த வருஷம் சொந்தமாக இருந்த ஒரு குறுக்கம் நிலத்தில் பருத்தி போடுவார்கள். தயவு வைக்காத வருஷங்களைப் பற்றி எங்கள் சீமையில் யாரும் தனியாகப் பேசுவதில்லை. மீனம்மாள் என்று ஒரே மகள்.

சுதந்திரம் வந்து மூன்று நாலு வருஷம் இருக்கும், மச்சான் ரத்தமாக இருமிக்கொண்டு வந்து சேர்ந்தார். அதற்கு முன்பு அப்படி வந்தவர்களுக்கு முட்டை சாப்பிடு, பால் குடி, கவலைப்படாதே என்று சொல்லி அனுப்புவோம். போய்ச் சேர் என்று நேராகச் சொல்ல முடியாததால் சொன்ன வார்த்தைகள் அவை. ஆனால் அந்த வருஷம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி எங்கள் ஆசுபத்திரி வரைக்கும் வந்துவிட்டது. ரப்பர் மூடி போட்ட சின்னக் குப்பியில் வெள்ளைத் தூள். தண்ணீர் ஏற்றிக் கலக்கிக் குத்த வேண்டும்.

குத்தினேன். சில வாரத்தில் காய்ச்சல் விட்டது. இருமல் அடங்கியது. எலும்பும் தோலுமாக வந்த மனுஷன் கேப்பைக் களியை உருட்டி உருட்டி விழுங்கியதை டாக்டரும் நானும் வேடிக்கை பார்த்தோம். மருந்தைக் கண்டுபிடித்ததே நான்தான் என்பது போல ஊருக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

அப்போதுதான் மச்சான் வந்து சொன்னார், அம்மனுக்குத் தீச்சட்டி நேர்ந்திருப்பதாக.

"ஊசி இன்னும் பாக்கி இருக்கு மச்சான். இப்ப விடக்கூடாது."

"காப்புக் கட்டப் போறேன் மாப்ள. காப்பு ஏறுனா ஊர் எல்லையத் தாண்டக் கூடாது. தெரியாதா ஒனக்கு?"

"நான் அங்கன வந்து போடுறேன்."

"குத்துனா ரத்தம் வருமா வராதா? காப்புக் கட்டுன ஒடம்புல ரத்தம் காணக் கூடாது."

"சரி, காப்பு அவுத்த மறுநாள் வாங்க."

என்னை ஒரு சின்னப் பையனைப் பார்ப்பது போலப் பார்த்துச் சிரித்தார். "சாமி சொகம் குடுத்துருச்சுன்னு ஊரறியச் சட்டி எடுத்துட்டு, மறுநாளே ஒங்கிட்ட வந்து கையை நீட்டுனா அதுக்கு என்ன அர்த்தம்? ஆத்தாள நம்பலன்னு ஆயிரும்ல. அவ சும்மா விடுவாளா?"

நோய் மருந்துக்குக் கேட்கவில்லை என்றால் மறுபடி வருவார். கேட்டுவிட்டதே! மருந்து நன்றாக வேலை செய்ததுதான் மருந்துக்கு எமனாக வந்தது. எங்கள் ஆட்கள் நன்றி கெட்டவர்களாக இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று நான் டாக்டரிடம் எரிந்து விழுந்தேன். டாக்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கோபம் வந்தால் அவருக்கு அதுதான் பழக்கம்.

தீச்சட்டி அன்று நானும் போயிருந்தேன். மஞ்சள் வேட்டியும் வேப்பிலையுமாக மச்சான் நெருப்பை ஏந்தி வந்தபோது எனக்கே கை கூப்பத் தோன்றியது. மீனம்மாள் கூட்டத்தில் முண்டியடித்து முன்னால் வந்து, "எங்கய்யா! எங்கய்யா!" என்று பக்கத்தில் நின்றவர்களிடம் காட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருஷம் இருமல் திரும்பியது. திரும்ப ஊசி. இந்த முறை சுகமாக நாளாயிற்று, ஆனாலும் சுகமானார். திரும்ப நேர்த்திக்கடன், திரும்பக் காப்பு. மூன்றாம் முறை குத்தியது பச்சைத் தண்ணீரைக் குத்தின மாதிரி இருந்தது. பிறகு புதிதாக ஒரு மாத்திரை வந்தது. அதையும் நம்பிக் கொடுத்தோம். கொஞ்ச காலம் தூக்கி நிறுத்திவிட்டு அதுவும் கைவிட்டது.

டாக்டர் பூமயிலை உட்கார வைத்து விளக்கினார். வியாபார ஊரான கீழக்கரையில் பிறந்தவர் என்றாலும் காட்டு வேலை தெரிந்தவர். "மிளகாய்க் காட்டுல கோரையை மேலாப்புல அறுத்துப் போட்டா என்ன ஆகும்மா?"

"கெழங்கு அடியில கெடக்கும் அய்யா. முன்னயவிட மண்டி வரும்."

"அதுதான் நடந்திருக்கு. பாதியில விட்டதுல, ஊசிக்குச் சாகாத கிருமியா மிஞ்சி, அதுவே பெருகிருச்சு. இனிமே இந்த ஊசி அதை ஒண்ணும் செய்யாது."

அவள் தலையை ஆட்டினாள். புரிந்துகொண்டாள். அந்த மழைக்காலத்தில் மச்சான் போய்ச் சேர்ந்தார். கொள்ளி வைக்க மகன் இல்லாததால் பங்காளி வீட்டுப் பையன் வைத்தான். இத்தோடு போயிருந்தால் இதை எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன்; எங்கள் பக்கம் அப்போது எத்தனையோ பேர் இப்படிப் போனார்கள்.

வருஷம் திரும்புவதற்குள் மீனம்மாளுக்கு இருமல் வந்தது.

பூமயில் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தபோது அழவில்லை, பதறவில்லை. பெட்டியும் பாயும் சட்டியுமாக, கொட்டகையிலேயே தங்கிவிடுகிற ஏற்பாட்டோடு வந்து இறங்கினாள். "தம்பி, காப்பு இல்ல, கோயில் கொடை இல்ல, ஒரு நல்லது பொல்லாதுக்கும் நான் ஊருக்குப் போகப் போறதில்ல. ஊசிய முழுசாப் போட்டுப் பிள்ளையக் குடுங்க. அவுக அய்யா செஞ்ச தப்ப நான் செய்ய மாட்டேன்" என்றாள். அம்மனை மறந்துவிட்டாயா என்று ஊர்ப் பெண்கள் கேட்டதற்கு, "அவளுக்குக் கண்ணிருந்தா இங்கன வந்து பாக்கட்டும்" என்று சொல்லி அனுப்பினாள்.

மீனம்மாள் வாயாடி. இருமலோடேயே வாயாடினாள். சாயல்குடி பஸ் கண்டக்டர் மாதிரி மூக்கால் பேசி, பக்கத்துக் கட்டில் கிழவரை "ஏறு பெருசு, ஏறு, வண்டி வைகுந்தம் போகுது" என்று மிரட்டுவாள். அந்தக் கிழவர் சிரித்துச் சிரித்து இருமி என்னிடம் திட்டு வாங்குவார். பூப்பெய்தி கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கண்ணாடி வளையல் முழங்கை வரைக்கும் ஏறிவிடுகிற அளவுக்குக் கை மெலிந்திருந்தது. அதையே ஒரு விளையாட்டாக ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பாள்.

ஊசியும் மாத்திரையும் ஒரு வேளை தவறாமல் கொடுத்தோம். கூடவே ஒரு கசப்புத் தூள்; அதைக் குடித்துவிட்டு வாந்தி எடுப்பாள், பூமயில் மறுபடி கரைத்துக் கொடுப்பாள். நானும் டாக்டரும் தினமும் காய்ச்சல் பார்த்தோம். இறங்கவில்லை. அவள் அய்யாவுக்கு முதல் தடவை சில வாரத்தில் விட்ட காய்ச்சல், இவளுக்கு இரண்டு மாதம் தாண்டியும் விடவில்லை. மூன்றாம் மாதம் எச்சிலில் ரத்தம் கண்டது.

பூமயில் டாக்டர் அறைக்கு வந்தாள். கதவருகே நின்றுகொண்டே கேட்டாள்.

"அய்யா, அவுகளுக்குக் கேக்காமப் போனது பாதியில விட்டதால. இவ ஒரு ஊசிகூட விடலையே. இதுக்கு முன்னால ஊசியே போட்டதில்லையே."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார். "அவ போட்டதில்லம்மா. அவளுக்கு வந்த கிருமி போட்டிருக்கு. அவ அய்யாகிட்ட இருந்தப்பவே போட்டுப் பழகிருச்சு."

எத்தனையோ சாவுச் செய்தியை நான் சொல்லியிருக்கிறேன், கேட்டிருக்கிறேன். இதைப் போல ஒன்றைக் கேட்டதில்லை. வீடு, காடு, கடன் என்று தகப்பன் எதையெதையோ பிள்ளைக்கு விட்டுப்போவான். மச்சான் இதை விட்டுப் போயிருந்தார். பூமயில் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "அப்ப வேற மருந்து?" என்றாள்.

வேறு மருந்து எங்கள் கைக்கு எட்டுகிற தூரத்தில் இல்லை. வேறு ஏதோ நாட்டு மண்ணிலிருந்து புதிதாக ஒன்று எடுத்திருக்கிறார்கள், இங்கே வந்து சேர நாளாகும் என்று டாக்டர் படித்திருந்தார். அதை அப்படியே சொன்னார். பூமயில் காதில் ஒரே வார்த்தைதான் விழுந்தது.

"மண்ணுல இருந்தா?"

"ஆமாம்மா. இப்பப் போடுற ஊசியே மண்ணுல இருந்து வந்ததுதான். மண்ணுக்குள்ள ஒரு வகைக் கிருமி இருக்கு, அதுதான் மருந்தை உண்டாக்குது. உலகம் பூராவும் மண்ணை அள்ளிப் பாத்துக்கிட்டிருக்காங்க. பம்பாயில என்கூடப் படிச்சவர் ஒருத்தர் அதே வேலையாத்தான் இருக்காரு. உங்க ஊர் மண்ணையும் அனுப்பேன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. எனக்குத்தான் நேரமில்ல."

"எந்த மண்ணுல அய்யா இருக்கும்?"

"எதுலன்னு தெரிஞ்சா எடுத்துருவாங்களே. இலை தழை மக்குற இடம், எதுவும் அழுகிப் போற இடம், அங்கெல்லாம் அதிகம்."

"சுடுகாட்டுலயுமா?"

"அங்கதான் ரொம்ப."

"அய்யய்யோ, அந்த மண்ண நான் தொட மாட்டேன். சீக்காளிப் பிள்ளை இருக்கிற எடத்துக்குக் கொண்டுவரலாமா?" என்றவள், "மத்த மண்ணெல்லாம் நான் அள்ளியாறேன் அய்யா" என்று சொல்லிவிட்டுப் போனாள். டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இது வருஷக்கணக்கான வேலை, உன் பிள்ளைக்கு உதவாது என்று சொல்ல வந்திருப்பார். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. யாரால் சொல்ல முடியும்?

அன்றிலிருந்து பூமயில் மண் அள்ளினாள். காலியான ஊசிக் குப்பிகளை நான் கொதிக்க வைத்துக் கொடுப்பேன். கண்மாய்க் கரம்பை மண், பனைமூட்டு மண், ஆட்டுக்கிடை போட்ட புஞ்சை, உப்பளத்து ஓரம், உடைமரத்தடி என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவருவாள். ஒரு தடவை பஸ் ஏறி மண்டபம் வரைக்கும் போய், வலை காயப்போடுகிற இடத்திலிருந்து மீன் நாற்றத்தோடு மண் கொண்டுவந்தாள். எந்த மண் எங்கே எடுத்தது என்று அவள் சொல்ல, நான் சீட்டு ஒட்டுவேன்; டாக்டர் பம்பாய்க்கு அனுப்பி வைப்பார். அவள் கையிலிருந்து வாங்கும்போது சில குப்பி வெதுவெதுப்பாக இருக்கும். வெயிலில் நடந்து வந்ததால் என்று நினைத்துக்கொள்வேன்.

கொட்டகையில் அதுவே பேச்சாயிற்று. பிள்ளை சாகக் கிடக்கையில் மண்ணை நோண்டித் திரிகிறாளே, புத்தி பேதலித்துவிட்டதா என்றார்கள். அவளா கேட்பாள்? பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். வெறுங்கையோடு உட்கார்ந்து மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதைவிட அது மேல் என்று எனக்குப் பட்டது. மீனம்மாள் மட்டும் கேலி செய்வாள். "மாமா, எங்காத்தா இன்னைக்கி என்ன பொரியல் வச்சிருக்கான்னு கேளு." எனக்கு விளங்கவில்லை. காய்ச்சல் வேகத்தில் பிதற்றுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

மாதங்கள் போயின. மழை வருகிற சமயத்தில் பம்பாய் நண்பர் டாக்டருக்குத் தகவல் சொல்லி அனுப்பினார். இப்படி ஒரு மண்ணை நான் பார்த்ததே இல்லை, எந்தக் குப்பியிலும் ஒரு உயிர்கூட முளைக்கவில்லை, பாலைவன மணலில்கூட ஏதாவது இருக்கும், உங்கள் ஊர் மண் செத்த மண்ணா என்று கேட்டிருந்தார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்குக் குப்பிகளின் வெதுவெதுப்பு ஞாபகம் வந்தது. நான் எழுந்து கொட்டகைக்குப் பின்னால் போனேன்.

பூமயில் மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டியிருந்தாள். அடுப்பின்மேல் வறையோட்டுச் சட்டி. வறையோட்டில் மண். கடலை வறுப்பதைப் போல அகப்பையால் புரட்டிப் புரட்டி வறுத்துக்கொண்டிருந்தாள். புகை கண்ணில் பட்டு முகத்தைத் திருப்பியவள் என்னைப் பார்த்து, "இந்தா ஆயிருச்சு தம்பி, ஆறுனதும் அடைச்சுறலாம்" என்றாள். ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து மீனம்மாளின் குரல் வந்தது. "உப்புப் போட்டியாத்தா?"

கத்தினேன். என்ன காரியம் செய்தாய், யார் உன்னை வறுக்கச் சொன்னது என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். டாக்டர் பின்னாலேயே வந்து என் தோளைப் பிடித்தார். பூமயில் அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு மிரண்டு நின்றாள்.

"கிருமி இருக்குன்னு அய்யாதான சொன்னாக? பம்பாய்க்காரவுகளும் பிள்ளகுட்டிக்காரவுகதான. நம்ம மண்ணத் தொட்டு அவுக வீட்டுக்கு ஒரு நோவு போயிறக் கூடாதுன்னுதான்..."

அவள் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது? வந்த நாளிலிருந்து நாங்கள் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதான். கிருமி இருக்கும், பிள்ளை குடித்த தம்ளரைக் கொதிக்க வை. கிருமி இருக்கும், கோழை துப்பின கொட்டாங்கச்சியை நெருப்பில் போடு. புருஷனைக் கொன்றது கிருமி, பிள்ளையைத் தின்பது கிருமி. மருந்தைத் தருகிற உயிருக்கும் அதே பெயரைச் சொல்லிவிட்டு நாங்கள் பாட்டுக்குப் போய்விட்டோம். அவள் யாரும் சொல்லாமலே ஊர்பேர் தெரியாத பம்பாய்ப் பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் மெதுவாக, இந்தக் கிருமி வேறு, இது உயிரோடு போனால்தான் மருந்து கிடைக்கும் என்றார். அவளுக்கு விளங்க ரொம்ப நேரமாகவில்லை.

"அப்ப மருந்த நானே கொன்னுட்டேனா அய்யா?"

"இல்லம்மா. அது நூத்துல ஒரு மண்ணுல இருக்கும், இல்லாமலும் போகும். இருந்திருந்தாலும் அதை மருந்தாக்கிக் கொண்டுவர வருஷக்கணக்காகும். அல்லா அறிய, மீனம்மாவுக்கு அது வந்து சேந்திருக்காது."

ஆறுதலாகத்தான் சொன்னார். எந்த வார்த்தையை இத்தனை மாதம் சொல்லாமல் விழுங்கி வைத்திருந்தாரோ, அதுவே ஆறுதலாக வெளியே வந்து விழுந்துவிட்டது. பூமயில் வறையோட்டை இறக்கிக் கீழே வைத்தாள். அதிலிருந்த மண்ணைக் கையால் அள்ளினாள். சூடு தாங்கவில்லை போலிருக்கிறது, கீழே விட்டுவிட்டாள். தட்டிக்கு அந்தப் பக்கம் மீனம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் கண்டக்டர் மாதிரிப் பேசவில்லை. வளையலை மட்டும் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள். ஒருநாள் நான் ஊசியோடு போனபோது, "எதுக்கு மாமா? பழகிப்போன கிருமிக் கழுதைக்குத்தான குத்துறீக" என்றாள். சிரிக்க வைக்கத்தான் சொன்னாளா என்று தெரியவில்லை. நான் குத்தினேன். வேறு என்ன செய்வது என்று தெரியாததால் குத்தினேன்.

கார்த்திகையில் ஒரு விடிகாலை, நல்ல மழை, ரத்தமாக வாந்தி எடுத்து அம்மா மடியிலேயே போய்விட்டாள். கல்யாணமாகாத பிள்ளை என்பதால் எரிக்கவில்லை. ஊருக்கு வண்டியில் கொண்டுபோய்க் கண்மாய்க்குத் தெற்கே சுடுகாட்டு ஓரத்தில் குழிவெட்டி அடக்கம் செய்தார்கள். பூமயிலைக் குழி வரைக்கும் விடவில்லை. நான் ஒரு பிடி மண் போட்டேன். நனைந்து கனத்த கரிசல் மண் கையை விட்டு விழவே இல்லை. உதறித்தான் போட வேண்டியிருந்தது.

பால் தெளித்த மறுநாள் பூமயில் ஆசுபத்திரிக்கு வந்தாள். கொட்டகையில் கிடக்கிற சட்டிபானையை எடுக்க வந்திருப்பாள் என்று நினைத்தேன். அவள் கொட்டகைப் பக்கம் திரும்பவே இல்லை. நேராக டாக்டர் அறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். முந்தி முடிச்சை அவிழ்த்து, ஊசிக் குப்பி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். வாய்வரைக்கும் மண் அடைத்திருந்தது.

சீட்டு எழுத நான் கேட்டாக வேண்டும். எந்த இடத்து மண் அக்கா என்று கேட்டேன்.

"ஒனக்குத் தெரிஞ்ச எடந்தான் தம்பி. நீயும் ஒரு பிடி போட்டேல்ல."

டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். பூமயில் அவர் முகத்தைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அழுகுற எடத்துலதான் இருக்கும்னு சொன்னீகளே அய்யா. என் பிள்ள அங்கனதான் இருக்கா. அவளத் தின்ன கிருமியும் அங்கனதான் இருக்கும். அத செயிக்கிற கிருமி ஒண்ணு அந்த மண்ணுல இருந்தா, எந்தப் பிள்ளைக்காச்சும் ஆகட்டும். பம்பாய்க்கு அனுப்பிருங்க."

நான் குப்பியைக் கையில் எடுத்தேன். சில்லென்று இருந்தது. கண்ணாடிக்கு உள்ளே நீர் கோத்திருந்தது.

"இத வறுக்கல தம்பி" என்றாள் பூமயில் அக்காள்.